டிரைலரையே கடலில் இறக்குவதா, தள்ளுவண்டியை மட்டுமா?

சின்னப் பாய்மரப் படகைக் கடலுக்குக் கொண்டுபோகத் தோதாக, ஓய்ந்துபோன ஜெனரேட்டர் டிரைலர் காரைக்குடிப் பக்கம் கண்ணில் பட்டால் முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். டிரைலரின் இரும்புச் சட்டகத்தை வெட்டி ஒட்டினால் அந்த மாற்றத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். 6.00-16 ஜீப் டயரும் சி சேனலுமாக (சி வடிவ இரும்புச் சட்டம்) இருக்கும் அந்த வண்டி, லேசர் மாதிரி 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ எடையும் உள்ள பாய்மரப் படகுக்குத் தாராளம். தாராளம் என்பதுதான் தொல்லையும்கூட. ஜெனரேட்டர் எடைக்கு அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் படகு எடைக்கு அசையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி முழுக்கப் படகின் ஃபைபருக்குப் போகும்.

ஆகவே எந்த வழிக்குப் போனாலும் இது பொது வேலை. மேல் பட்டையையும் அதையடுத்த நீளப் பட்டையையும் விட்டுவிட்டு, குட்டைப் பட்டைகளைக் கழற்றுங்கள். கழற்றிய கனத்துக்கு இரும்புத் தகடு வைக்காவிட்டால் பட்டைகளை அச்சோடு கட்டும் யு போல்ட் மரை முடிந்துபோய் இறுகாது. பின்பக்கம் ஒருவர் ஏறி நின்றால் வண்டி இரண்டு விரல்கடையாவது இறங்க வேண்டும். டயரில் 25 பி.எஸ்.ஐ. காற்று போதும். இழுவைக் கம்பியை ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால்தான் திருப்பத்தில் படகு மூக்கு காரில் இடிக்காது. கொக்கியில் விழும் எடை மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கட்டும். குளியலறைத் தராசே அளந்து சொல்லிவிடும்.

இனி படகைத் தண்ணீரில் இறக்க இரண்டு வழிகள். முதலாவதில் படகைத் தாங்கும் கட்டை டிரைலர் மேலேயே இருக்கும், டிரைலரே தண்ணீருக்குள் போகும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பர்மா தேக்குச் சட்டம் இதற்கு அருமை, மேலே தரைவிரிப்பைச் சுற்றினால் முடிந்தது. செலவு குறைவு, வேலையும் சுருக்கம். இரண்டாவதில் டிரைலர் சாலையோடு நின்றுவிடும். அதன்மேல் ஏறி உட்காரும் கைத்தள்ளுவண்டி மட்டும் தண்ணீருக்குள் போகும்.

எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே. காரணம், படகை இறக்கும் தொண்டிக் கரை. அங்குள்ள பாக் விரிகுடா ஆழமில்லாதது, கரைச்சரிவு மிக மெல்லியது. டிரைலரிலிருந்து படகு மிதந்து எழ 70 செ.மீ. தண்ணீராவது வேண்டும். 50-க்கு 1 சரிவு என்றே வைத்துக்கொள்வோம்: 35 மீட்டர் உள்ளே போக வேண்டும், இழுக்கும் காரும் கூடவே சேற்றில் இறங்கும். தள்ளுவண்டிக்கு அதில் பாதி ஆழம் போதும்; காரோ கரையில்.

அடுத்தது பேரிங். தேவகோட்டை, திருவாடானை வழியாக ஓடி வந்த ஹப் (பேரிங் உட்காரும் சக்கரக் குடம்) சூடாக இருக்கும். அப்படியே கடலில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வீடு திரும்பியதும் ஹப்பைத் திறந்து, கழுவி, நீர் தாங்கும் கிரீஸ் அடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். (கழுவ ஊருணிப் பக்கம் போய்விடாதீர்கள், ஊரே திரளும்.) தள்ளுவண்டியில் அச்சைச் சுற்றி நைலான் புஷ் (உருளை வளையம்) போதும், பேரிங்கே வேண்டாம்.

தள்ளுவண்டிக்கு நீலப்பட்டை போட்ட பி கிளாஸ் ஜி.ஐ. பைப் வாங்குங்கள், மஞ்சள்பட்டை மெல்லியது, வளைந்துவிடும். வெல்டிங் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரியும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. முதலில் கிரைண்டரால் சுரண்டி, ஒட்டிய பிறகு ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். லேசரின் அடிப்பகுதி மெல்லியது, ஆகவே படகை விளிம்பில் தாங்கும்படி நாடா கட்டுங்கள். சக்கரம் அகலமான காற்றடித்த டயராக இருக்கட்டும். ஒல்லிச் சக்கரம் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு புதையும். டிரைலரில் அச்சு உட்கார இரண்டு யு வடிவத் தொட்டிலும், தள்ளுவண்டி நழுவாமல் பூட்ட முன்னால் 12 மி.மீ. பின்னும் போதும்.

படகு கனமானால் எங்கள் தீர்ப்பு தளரும். 133 கிலோ எடையுள்ள ஜிபி 14 ரகப் பாய்மரப் படகை ஈர மணலில் தள்ள நாலு பேராவது வேண்டும். ஆள் சேராதவர்கள் முதல் வழியையே எடுத்து, சிமென்ட் சரிவுள்ள இடமாகத் தேடிப் போவது நல்லது. டிக்கியில் ஒரு செட் பேரிங்கும் ஆயில் சீலும் எப்போதும் இருக்கட்டும்.