சின்ன வயசு எஃப்ஏபி: மாத்திரையா, வருஷா வருஷம் ஸ்கோப்பா?

எஃப்ஏபிங்கறது பெருங்குடல்ல பாலிப்புங்கற சின்னச் சின்ன சதைக் கட்டி நெறைய மொளைக்கிற பரம்பரை நோய், விட்டா கேன்சர் ஆகும். கோத்தகிரில இருக்கோம். வீட்டுக்காரருக்கு இதனால பெருங்குடல எடுத்தாச்சு, பொண்ணுக்கும் இந்த நோய்க்கான ஏபிசி (APC) ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ். அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்றது பாதிக்குப் பாதி. மாத்திரை ஆரம்பிக்கலாமா, ஸ்கோப் (கேமரா குழாய விட்டு குடல பாக்குறது) மட்டும் போதுமான்னு யோசிச்சு கடைசில ஸ்கோப் பக்கம் வந்துட்டோம், அதனால எழுதுறதும் அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

சுலின்டாக்ங்கற வலி மாத்திரை பெரியவங்களுக்கு பாலிப்ப கொறைக்குதுன்னு 1993லயே வந்தாச்சு. ஆனா ஜீன் இருந்தும் பாலிப் இன்னும் வராத சின்ன வயசுக்காரங்களுக்கு குடுத்துப் பாத்த 2002 ஆய்வுல அது பாலிப் வர்றத தடுக்கல. அதோட அத விட்டுட்டோம்.

செலிகாக்சிப், நம்ம ஊர்ல மூட்டு வலிக்கு எழுதுறாங்களே அதேதான். 10லருந்து 14 வயசு பசங்க 18 பேர வச்சு 3 மாசம் பாத்ததுல, அதிக டோஸ் எடுத்தவங்களுக்கு பாலிப் எண்ணிக்க 44 சதவீதம் கொறஞ்சிருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்கால 1999ல இந்த நோய்க்குன்னு வாங்கின அனுமதிய 2011ல கம்பெனியே வாபஸ் வாங்கிடுச்சு, பெரியவங்ககிட்ட ஹார்ட் அட்டாக் ரிஸ்க் வேற.

எங்களுக்கு முடிவ மாத்துனது ஒண்ணே ஒண்ணு: மாத்திரை போட்டாலும் ஸ்கோப் நிக்காது. சுலின்டாக் ஆய்வுல மருந்த நிறுத்துனதும் பாலிப் மறுபடி ஏற ஆரம்பிச்சிருக்கு, அப்ப தினமும் முழுங்கணும், ஸ்கூல் டூர் போனாலும் கையில வச்சிருக்கணும், வயித்தெரிச்சல் கிட்னின்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அதுக்கும் மேல அதே ஸ்கோப்புக்கும் போகணும். மலைலருந்து கோயம்புத்தூருக்கு எறங்குற அலைச்சல் ஒண்ணும் மிச்சமாகப் போறதில்ல.

ஸ்கோப் சுகம்னு சொல்லல. பேதிக்கு கலக்குற பவுடர் தண்ணி உப்புக் கரிக்கும், பாதி டம்ளர்லயே பொண்ணு மூஞ்சிய சுளிச்சிடுவா, ஜில்லுன்னு ஆக்கி எலுமிச்சை பிழிஞ்சா கொஞ்சம் எறங்கும், செவப்பு கலர் ஜூஸ் மட்டும் கூடாது. அத குடிச்சிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல எறங்கறது ஆகாத காரியம், முந்தின நாளே கீழ போய் ரூம் போட்ருங்க. ஐப்பசி கார்த்திகைல தேதி வாங்காதீங்க, மண் சரிஞ்சா ரோடே இருக்காது. மே மாசம் சீசன் டிராஃபிக், அதனால ஏப்ரல்தான் எங்களுக்கு.

மாத்திரைய நாங்க குடுத்துப் பாத்ததில்ல. பொண்ணுக்கு பாலிப் இன்னும் சிறுசு, கொஞ்சம்தான். கொத்துக்கொத்தா இருக்குற பிள்ளைக்கு, ஆபரேஷன பரீட்சை வரைக்கும் தள்ளிப்போட மாத்திரை உதவுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அங்க என் கணக்கு பொருந்தாது.