ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறீர்கள் என்றால், செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கே இருப்பீர்கள்? கார்ச்சிங் ஹாஸ்டலா, மியூனிக் நகர அறையா?

அங்கே இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. கணினி அறிவியல், கணிதம், இயற்பியல், மெக்கானிக்கல் வகுப்புகள் நகரத்துக்குள் நடப்பதில்லை. வடக்கே, யூ6 மெட்ரோ போய் முடியும் இடத்தில், கார்ச்சிங் என்ற சிற்றூரில் நடக்கின்றன. இது தெரியாமல் 2024 அக்டோபரில் வந்து இறங்கி, நகரின் தென்பக்கம் ஸெண்ட்லிங்கில் ஒரு பகிர்வு வீட்டில் அறை எடுத்தேன். ஒரு குளிர்கால செமஸ்டர் அங்கே ஓடியது. அடுத்த ஏப்ரலில் கார்ச்சிங் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வாடகை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸெண்ட்லிங்கில் 760 யூரோ, கார்ச்சிங் ஹாஸ்டலில் 380. விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து 2025-ல் மாதம் 992 யூரோதான் கைக்கு வந்தது என்பதால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பயணச் செலவில் வித்தியாசம் இல்லை. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் மாணவர் சலுகையில் 2025-ல் 38 யூரோ. எங்கே குடியிருந்தாலும் அதையேதான் வாங்குவீர்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை. இங்கே கால அட்டவணை நம் ஊர்க் கல்லூரி போலக் காலையில் தொடங்கி மாலைவரை தொடர்ந்து ஓடாது. என் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். முதல் விரிவுரை அட்டவணையில் 8 மணி. அட்டவணை நேரத்துக்குக் கால் மணி நேரம் கழித்தே வகுப்பைத் தொடங்கும் இங்குள்ள வழக்கத்தால் 8:15-க்குத் தொடங்கி 9:45-க்கு முடியும். அடுத்த டுடோரியல் 14:15-க்கு. நடுவில் நாலரை மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் எனக்கு இப்படித்தான் அமைந்தது.

நகரத்தில் இருந்தபோது அந்த நாலரை மணி நேரத்தை என்ன செய்தேன்? வீட்டுக்குப் போய்வர நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் போகவில்லை. நூலகத்தில் இடம் தேடினேன். பரீட்சை நெருங்கினால் பத்து மணிக்கே இடம் நிரம்பிவிடும். அப்புறம் கணினி அறிவியல் கட்டடத்தின் கூடத்தில் மேல்கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை பரவளைய வடிவில் இரண்டு பெரிய சறுக்குக் குழாய்கள் அங்கே உண்டு. புதிதாக வந்தவர்கள் பாயைப் போட்டு சறுக்கிவருவதை வேடிக்கை பார்த்தே ஒரு டிசம்பர் போனது. பையில் தயிர்சாதம் குளிர்ந்து கல்லாகியிருக்கும். நடுநடுவே ஒரு காபி, முறுக்கு மாதிரி முடிச்சுப் போட்ட ஒரு பிரெட்ஸெல் ரொட்டி என்று காசும் கரையும். மாலை கடைசி வகுப்பு முடிந்து ஸெண்ட்லிங் போய்ச் சேர ஏழு மணி ஆகும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு எட்டு மணிக்குக் கடைகளை மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே மாட்டார்கள். எனவே மூச்சு வாங்க ஓடிப் போய்த் தக்காளி வாங்கும் வேலை வேறு.

கார்ச்சிங் வந்த பிறகு அதே ஓட்டைதான் நாளின் நல்ல பகுதி ஆனது. பத்து மணிக்கு அறையில் இருப்பேன். குக்கர் வைத்து, துணியை மெஷினில் போட்டு, பயிற்சித் தாளில் பாதியை முடித்து, சூடாக ரசம் சாதம் சாப்பிட்டு, அரை மணி நேரம் கண்ணயர்ந்து, இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் இப்படிக் கைக்குத் திரும்பியது. பகல் வேலை பகலிலேயே முடிவதால் மாலை ஊர் சுற்றக் கிடைத்தது. நகரத்தில் குடியிருந்தபோது நகரத்தைப் பார்த்ததைவிட, கார்ச்சிங்கில் குடியிருந்து அதிகம் பார்த்தேன். நகர நடுச் சதுக்கமான மாரியன்பிளாட்ஸுக்கு மெட்ரோவில் இருபத்தைந்து நிமிடம்தான். வெயில் காலத்தில் ஈஸார் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளை மிதித்தால் ஆங்கிலப் பூங்காவுக்குள்ளேயே கொண்டு விடும். அங்கே சீனக் கோபுரத்தடி பியர் தோட்டத்தில், விரிப்பு போடாத மேசைகளில் நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம். குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். எலுமிச்சை சாதமும் அப்பளமும் கொண்டுபோய் எலுமிச்சை சோடாவோடு சாப்பிட்டிருக்கிறோம். பக்கத்து மேசைத் தாத்தா அப்பளத்தை என்ன என்று விசாரித்து வாங்கித் தின்றார்.

சரி, நகர அறைக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஃபியூசென், கார்மிஷ், ஸால்ஸ்பர்க் என்று விடிகாலை ரயில் பிடிக்கிற சனிக்கிழமைகளில் கார்ச்சிங்வாசி அரை மணி நேரம் முன்னதாக எழுந்தாக வேண்டும். இரவு திரும்பும்போதும் தொல்லை உண்டு. எல்லா யூ6 வண்டியும் கார்ச்சிங் வராது, சில ஃப்ரோட்மானிங்கோடு நின்றுவிடும். பேயர்ன் மியூனிக் அணியின் கால்பந்து மைதானமான அல்லியான்ஸ் அரினா அந்த நிறுத்தத்தில்தான் என்பதால் பந்தய நாளில் சிவப்புச் சட்டைக் கூட்டத்தில் நசுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆல்டே பினாகோதெக் அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்க்கப் போவது, ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள தெருக்களில் கறிவேப்பிலை வாங்குவது, இதெல்லாம் நகரத்தில் இருந்தால் சும்மா நடந்துவிட்டு வருகிற மாதிரி. கார்ச்சிங்கில் அதற்கென்று கிளம்ப வேண்டும். பகுதிநேர வேலை நகரத்துக்குள் கிடைத்தாலும் கணக்கு மாறும். நான் வேலை பார்த்தது வளாகத்துக்குள்ளேயே, அதனால் அதில் எனக்கு அனுபவம் குறைவு.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் ஸெண்ட்லிங்கில் இருந்தது முழுக்கக் குளிர்காலம், நாலரை மணிக்கே இருட்டும் மாதங்கள். கார்ச்சிங்கை முதலில் பார்த்ததோ ஏப்ரல் வெயிலில். ஜூன் மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும்போது ஈஸார் கரை ஓரமாய் ஸெண்ட்லிங்கில் வாழ்வது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதோடு, ஹாஸ்டல் வரிசை நீளம். எனக்கு ஒரே செமஸ்டரில் கிடைத்தது அதிர்ஷ்டம். அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்து விடுங்கள். ஆர்க்கிடெக்சர் மாதிரி நகர நடுவில், ஆர்ஸிஸ் தெரு வளாகத்தில் வகுப்பு உள்ளவர்கள் நான் சொன்னதை அப்படியே தலைகீழாகப் படித்துக்கொள்ளவும்.

என் பழைய ஸெண்ட்லிங் அறைக்கு மதுரைத் தம்பி ஒருவன் வந்திருக்கிறான். நகரத்தில்தான் வாழ்க்கை இருக்கிறது என்று என்னோடு வாதாடுவான். செவ்வாய்க்கிழமை பத்து மணி ஆனால் என் கதவைத் தட்டுவான். “அண்ணா, ரசம் வச்சாச்சா?”