போர்வெல்லுக்கு ஹைட்ரோ ஃபிராக்சரிங்: குமரி மாவட்டப் பாறைக்கு எடுபடுமா?

போர்வெல் வற்றினால் உடனே வரும் யோசனை, இன்னும் நூறடி இறக்கிப் பார்ப்போம் என்பதுதான். கீழே இறுகிய பாறையானால் அது வெறும் துளைக்கூலி. இருக்கிற விரிசல்களைத் தண்ணீர் அழுத்தத்தாலேயே திறந்துவிடும் ஹைட்ரோ ஃபிராக்சரிங் சேவை இப்போது லாரியோடு வாசலுக்கே வருகிறது. அந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம்.

கல்குளம், விளவங்கோடு, தோவாளைப் பக்கம் மேலே செம்மண் சரளை, அதற்கடியில் மக்கிய பாறை, அப்புறம் சார்னோகைட்டும் நைஸும். இந்தக் கெட்டிப் பாறைதான் இந்த வேலைக்கு ஏற்றது. முதலில் ஓரளவு தண்ணீர் தந்து பிறகு குறைந்த போருக்குப் பலன் அதிகம். துளைத்த அன்றே புழுதி மட்டும் வந்ததற்கு நம்பிக்கை குறைவு. மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோர மணலில் வேண்டவே வேண்டாம். துளையை அடைக்கும் பாக்கர் பிடிக்க உறுதியான சுவர் கிடையாது, உப்புத் தண்ணீருக்கும் வழி திறக்கும்.

முதலில் மோட்டாரையும் பைப்பையும் வெளியே எடுத்து ஆழம் அளக்க வேண்டும். பாக்கர் என்பது உள்ளே அழுத்தம் ஏற்றினால் உப்பித் துளையை அடைக்கும் ரப்பர் உருளை. அதைக் கேசிங், அதாவது துளையின் மேல்பகுதியில் இறக்கிய குழாய், முடியும் இடத்திலிருந்து 30–40 அடியாவது கீழே தள்ளி, விரிசலில்லாத பாறையில் உட்கார வைக்க வேண்டும். கேசிங்கை ஒட்டி வைத்தால் தண்ணீர் வெளிப்பக்கமாக மேலேறிவிடும். பிறகு பம்ப் ஓடும். கவனிக்க வேண்டியது அழுத்த மீட்டரின் முள்ளை. அது மளமளவென ஏறி, 100 பார் அழுத்தத்தைத் தாண்டியும் போகலாம். திடீரென விழுந்து தாழ்ந்த அளவில் நின்றால் விரிசல் திறந்துவிட்டது, தண்ணீர் உள்ளே போகிறது. ஏறி அப்படியே நின்றால் பாறை மசியவில்லை. ஏறவே இல்லையென்றால் பாக்கர் கசிகிறது, அல்லது விரிசல் ஏற்கெனவே அகலமாக இருக்கிறது. ஒரு இடம் முடிந்ததும் பாக்கரை இன்னும் கீழே இறக்கி மறுபடி அடிக்கிறார்கள். சில ஆயிரம் லிட்டர் போகும், சுத்தமான தண்ணீராக இருக்கட்டும். பாசி பிடித்த குளத்துத் தண்ணீரை ஏற்றினால் திறந்த விரிசலை அதுவே அடைக்கும்.

ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தது மருந்து, ஜெல் என்று பில்லில் ஏறுகிற கூடுதல் செலவுகளுக்காக. எண்ணெய்க் கிணறுகளில் வெப்பத்தால் வேலை செய்யும் பொருட்கள் உண்டு, அங்கே அவை அவசியமும்கூட. குவார் கம், அதாவது நம்மூர் சீனியவரைக்காய் விதைப் பசை, தண்ணீரைக் கெட்டியாக்கி மணலை விரிசலுக்குள் சுமந்து செல்கிறது. பிறகு அம்மோனியம் பெர்சல்ஃபேட் அந்தப் பசையை உடைக்கிறது. வேறு தூண்டி சேர்க்காவிட்டால் அதற்குச் சுமார் 50 டிகிரிச் சூடாவது வேண்டும். ரெசின் பூசிய மணலும் அடிக்கிணற்றுச் சூட்டில்தான் ஒட்டிக் கெட்டியாகிறது. பூமிக்குள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 டிகிரி கூடும். மூன்று கிலோமீட்டரில் 100 டிகிரியைத் தொடும். நம் 300 அடிப் போரில் கூடுவது இரண்டு மூன்று டிகிரி. அங்கே பசை சரியாக உடையாது, விரிசலை அடைத்துக் கிருமிகளுக்குத் தீனியாகி, குடிதண்ணீரை நாறடிக்கும். வீட்டுப் போருக்குத் தண்ணீரும் அழுத்தமும் போதும். கடைசியில் குளோரின் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கூலியை அடிக்கு இவ்வளவு என்று பேசாமல், பாக்கர் வைக்கும் இடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒவ்வொரு இடத்தின் அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் கிணறு கலங்குகிறதா என்றும் பாருங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் கம்ப்ரசர் அடித்து, வெளிவரும் தண்ணீரை 90 டிகிரி வி-நாட்ச் பலகையில், அதாவது V வடிவ வெட்டுள்ள பலகையில், அளக்க வேண்டும். இஞ்ச் கணக்கில் பலர் ஏமாறுவது இங்கேதான்: வெட்டில் தண்ணீர் 1 இஞ்ச் உயரம் நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர், ஒன்றரை இஞ்ச் 23, 2 இஞ்ச் 48. அரை இஞ்ச் ஏறினாலே கணிசமான லாபம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மார்ச்சில் அளந்துவிட்டு ஜூலையில் மறு அளவு எடுத்தால் மழையின் பெருமை லாரிக்காரருக்குப் போய்ச் சேரும். இரண்டையும் ஒரே வாரத்தில், ஏப்ரல் மே மாதத்தில் முடியுங்கள்.