பணம் கட்டி அச்சிடுவதா, கிண்டிலில் ஏற்றுவதா?

முதல் கவிதைத் தொகுப்பைப் பணம் கட்டித்தான் கொண்டுவந்தேன். விற்பனையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகப் பதிப்பாளர் (பெயர் வேண்டாம்) சொன்னார். 300 பிரதிகளும் என் வீட்டுப் பரணுக்கே வந்து சேர்ந்தன. மெய்ப்புப் பார்க்க ஆளில்லை, அட்டையிலேயே ஒற்றுப்பிழை. நந்தனம் புத்தகக் காட்சியில் அவர்களுடைய அரங்கிலேயே என் நூலைக் காணவில்லை. அச்சுக்கு முன்பே லாபம் கைக்கு வந்துவிட்டவர் எதற்காக விற்க வேண்டும்?

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றக் கட்டணம் இல்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால், மின்னூலை 90 நாள் வேறெங்கும் கொடுக்கக் கூடாது, இல்லையேல் 35தான். பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் நம் தலையில். அம்மாவின் கையில் கொடுக்கப் புத்தகமும் இருக்காது. ஆனால் பிழையைக் கண்ட அன்றிரவே திருத்திவிடலாம். அடுத்த தொகுப்பு அங்கேதான், பரணிலும் இடமில்லை.