ஸ்மித்-மட்ரோன் கேபர்நே: மலைச்சரிவின் சிவப்பு ஒயின்

நாபா பள்ளத்தாக்கில் கேபர்நே என்ற கருப்புத் திராட்சையிலிருந்து செய்யும் ஒயின் என்றாலே ஜாம் போன்ற இனிப்பும் ஓக் மரப் பீப்பாயின் வாசனையும்தான் என்று ஒதுக்கிவிட்டவர்கள் ஸ்மித்-மட்ரோனைக் குடித்துப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கில், செயின்ட் ஹெலினா ஊருக்கு மேலே, ஸ்பிரிங் மலையில் இருக்கிறது தோட்டம். ஸ்டூவர்ட் ஸ்மித் 1971இல் வாங்கிய காட்டு நிலம். பிறகு சகோதரர் சார்லஸும் சேர்ந்தார். அங்கே வளரும் மட்ரோன் மரத்தின் பெயரையே ஒயினுக்கும் வைத்திருக்கிறார்கள்.

செங்குத்தான சரிவு, எரிமலைச் செம்மண். கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மழை ஈரத்தைத் தேடி வேர்தான் இறங்க வேண்டும். அதனால் பழம் சிறுத்து, தோல் தடித்துவிடுகிறது. குடிக்கும்போது அது நன்றாகவே தெரிகிறது: முதலில் கருந்திராட்சை, பின்னால் காய்ந்த மூலிகை வாசம், கடைசியில் ஈறுகளைப் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. புளிப்பும் உயிரோடு இருக்கிறது. மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி வறுவலோடு பிரமாதம். மீனுக்கு வேண்டாம்.

விலை 60 டாலரைத் தாண்டும், எனக்கும் அது அதிகம்தான். ஆனால் கீழே சமவெளியில் இதைவிடச் சாதாரண ஒயினுக்கு இருமடங்கு கேட்கிறார்கள். திறந்த உடனே ஊற்றாதீர்கள், வாயகன்ற குடுவையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றைப் பத்து வருடம் தொடாமல் வையுங்கள்.