42,000 ரூபாய் "கருங்கல் தொட்டி": உள்ளே தெர்மாகோல்!

பழைய வீடுகளை இடித்த சாமான்களைப் படம் போட்டு ஆன்லைனில் விற்கும் கடை. கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. "150 வருஷத்து மாட்டுத் தொட்டி, ஒரே கருங்கல்லில் குடைஞ்சது, தோட்டத்தில் வெச்சு அல்லி வளர்க்கலாம், மீன் விடலாம்" என்று விளம்பரம். 42,000 ரூபாய், வண்டிக்கூலி தனி.

நம்ப வைத்தது அவர்கள் அனுப்பிய வீடியோ. கம்பியால் தட்டினால் கணீரென்ற சத்தம். தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டினார்கள். எங்கேயும் ஈரக்கோடு நிற்கவில்லை. விரிசல் விட்ட கல் என்றால் சத்தம் பொத்தென்று விழும், மற்ற இடம் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் கருங்கோடாகத் தெரியும். ஆக, சோதனையில் குறை இல்லை. சோதித்தது ஒரு தொட்டி, வண்டியில் ஏற்றியது வேறொன்று!

4 அடி நீளம், 2 அடி அகலம், 1½ அடி உயரம், 3 அங்குலச் சுவர். இந்த அளவுக் கருங்கல் சுமார் 400 கிலோ வரும். எனக்கு வந்ததை நாலு பேர் சாதாரணமாகத் தூக்கி இறக்கிவிட்டார்கள். வடிகால் துளைக்கு கோர் பிட் (வட்டமாகக் குடையும் ட்ரில் முனை) வைத்துச் சுற்றினால் முக்கால் அங்குலம் சிமெண்ட் கலவை, அப்புறம் வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல். கல்தூளும் கருப்பு ஆக்சைடும் கலந்து பூசி, ஈரம் காயுமுன் உளித்தடம் போட்டிருக்கிறார்கள். பாசி பிடிக்க மேலே மோரோ சாணமோ தெளித்திருப்பார்கள். இதில் மீன் விட்டிருந்தால் சிமெண்டுச் சுண்ணாம்பு கரைந்து, தண்ணீரில் காரத்தன்மை ஏறி எல்லாம் செத்திருக்கும்.

போன் போட்டால் முதலில் "கல்லுன்னா அப்படித்தான் சார் இருக்கும்." துளையின் படத்தை அனுப்பியதும் "நீங்க ட்ரில் போட்டுட்டீங்க, இனி ரிட்டர்ன் கிடையாது." அடுத்து "ஓனர் ஊர்ல இல்ல." இப்போது நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 42,000 ரூபாய் சார், 42,000!

போலியைக் கண்டுபிடிப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. அடிப்பக்கத்தில் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள்; கருங்கல் என்றால் உள்ளேயும் பளிச்சென்ற மணிகள் பின்னிக் கிடக்கும், சிமெண்ட் என்றால் சாம்பல் மாவு, ஊசித்துளைக் குமிழ்கள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் அது கருங்கல் இல்லை. எடை போடாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கட்டடத்திலிருந்து பெயர்த்த நூறு வருஷப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். "150 வருஷம்" என்பவரிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள், உடனே "பழைய மாடல் சார்" என்று பேச்சு மாறும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. பில்லில் "கருங்கல்" என்ற சொல் கட்டாயம் இருக்கணும். எனக்குத் தந்ததில் "தொட்டி - 1, ரூ. 42,000" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், பாவிகள்.