கியர் லீவரின் வீச்சைக் குறைப்பது: புஷ், குமிழ், வெட்டிய லீவர், ஷார்ட் ஷிஃப்டர் – எது யாருக்கு?

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும், வளைந்து வெளியே வந்ததும் மறுபடி மூன்று. போன வருடம் ஒன்பதாவது வளைவில், இரண்டுக்கு என்று இழுத்த லீவர் நான்கில் போய் விழுந்தது. அந்த ஏற்றத்தை நான்காவது கியரில் என் சின்ன ஹேட்ச்பேக் எப்படி இழுக்கும்? உதறிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பேருந்து. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் நகர்த்தி வளைவைக் கடப்பதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ஊர் திரும்பியதும் ஷார்ட் ஷிஃப்டர், அதாவது லீவர் போகும் தூரத்தைக் குறைக்கும் கிட், வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். லீவர் கையளவு தூரம் போய்வந்தால்தானே வழிதவறும், வீச்சைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. பதினைந்து வருடமாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், லீவரை நியூட்ரலில் வைத்து இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “முதல்ல இந்த ஆட்டத்தை எடுத்துருவோங்க தம்பி. அப்புறம் கட்டையாக்கறதா வேண்டாமான்னு பாக்கலாம்” என்றார். அவர் சொன்ன வரிசைதான் சரி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆனால் அது ஏன் சரி என்று புரிய, லீவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவை கேபிள் கியர்தான். லீவர் ஒரு அச்சில் ஆடுகிறது. அச்சுக்கு மேலே நாம் பிடிக்கும் நீளம், கீழே கேபிள் மாட்டியிருக்கும் குட்டை நீளம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் வீச்சை, அதாவது கை போகும் தூரத்தை, தீர்மானிக்கிறது. எளிய கணக்குக்கு மேலே 240 மி.மீ., கீழே 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நான்குக்கு ஒன்று. முதல் கியரிலிருந்து இரண்டுக்குக் கேபிள் 30 மி.மீ. நகர வேண்டுமென்றால் கை 120 மி.மீ. போக வேண்டும். கேபிள் முனைகளிலும் அவற்றில் செருகியிருக்கும் புஷ் எனும் வளையங்களிலும் 3 மி.மீ. தேய்மானம் இருந்தால், கையில் அது 12 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். எதுவும் நடக்காமல் வெறுமனே லீவர் நகரும் தூரம் அது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாவற்றையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

எந்த வழியில் குறைத்தாலும், கியர்பாக்ஸுக்குள் கியரைக் கவ்வும் வளையமான ஸ்லீவ் நகரும் தூரம் மாறாது. நியூட்ரலிலிருந்து ஒரு கியருக்கு அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான், எப்போதும் அவ்வளவுதான். நம் கை போகும் தூரத்தை மட்டுமே மாற்றுகிறோம். கை போகும் தூரம் 20 சதவீதம் குறைந்தால், தள்ளும் விசை 25 சதவீதம் கூடும். இதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

ஆட்டத்தை எடுப்பது

தொழிற்சாலையில் கேபிள் முனைகளுக்கு ரப்பரோ மென்மையான பிளாஸ்டிக்கோ வைப்பதற்குக் காரணம் உண்டு. என்ஜினின் அதிர்வு லீவருக்கு ஏறக்கூடாது. ஆனால் அதே மென்மை எட்டு, பத்து வருடத்தில் நைந்துபோகிறது. என் வண்டியில் பேட்டரித் தட்டைக் கழற்றியதும் கியர்பாக்ஸ் தலையில் இருந்த புஷ் தெரிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் இழுபட்டிருந்தது. விரல் நகத்தால் நெம்பியதும் பாதி பிய்த்துக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் ஒன்று–இரண்டு, மூன்று–நான்கு என்று வரிசையைத் தேர்ந்தெடுக்கும் கேபிளின் முனை அது. லீவர் தானாக மூன்று–நான்கு வரிசைக்குத்தான் ஸ்பிரிங்கால் தள்ளப்படும். இரண்டைப் போட வேண்டுமென்றால் இடது பக்கம் இழுக்க வேண்டும். நான் இழுத்த இழுப்பில் பாதியை அந்தப் புஷ் விழுங்கிவிட்டது. ஒன்பதாவது வளைவில் நான்கு விழுந்தது இப்படித்தான். வீச்சின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புதிதாக வைப்பதில் மூன்று வகை. கம்பெனி ரப்பரையே மறுபடி போடலாம். பாலியூரித்தேன் போடலாம், கொஞ்சம் இறுக்கம், அதிர்வு சற்றே ஏறும். அல்லது அசிட்டால் பிளாஸ்டிக்கிலோ பித்தளையிலோ லேத்தில் கடைந்து போடலாம். கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அளவை எடுத்துக்கொண்டு போனால் மாலையில் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் அசிட்டால் போட்டேன். பொருளும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. நம் கணக்கில் சொன்னால் கேபிளின் தேய்மானம் 3 மி.மீ.யிலிருந்து அரை மி.மீ. ஆனது, கையில் 12 மி.மீ. ஆட்டம் 2 மி.மீ. ஆனது. விசை கொஞ்சமும் கூடவில்லை. ஐடிலில் லீவரில் லேசான துடிப்பு தெரிகிறது, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. என்ஜினைத் தாங்கும் ரப்பரான என்ஜின் மவுண்ட் தொய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது என்ஜினே முன்னும் பின்னும் சாய்ந்து கேபிளை இழுக்கும். அப்புறம் கியர் ஆயில். இங்கே ஒரு எச்சரிக்கை. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில், எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். கியர் விழும் முன் இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க்ரோவின் பித்தளை வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வளையம் பிடித்து வேகத்தைச் சமன்படுத்தத் தேவையான உராய்வும் குறையும். ஊட்டியில் டிசம்பர் காலையில் முதல் கிலோமீட்டர் முழுக்க இரண்டாவது கியர் அடம்பிடிக்கிறது என்றால் அதற்கும் ஆயில்தான் முதல் சந்தேகம், லீவர் அல்ல.

குமிழை மாற்றுவது

இரண்டு விஷயங்களை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். கனமான குமிழ் வீச்சைக் குறைக்காது. லீவரின் நுனியில் 300, 400 கிராம் எடை சேரும்போது, சிங்க்ரோ தடுக்கும் இடத்தை அந்த எடையின் வேகமே தாண்டிச் செல்கிறது. கைக்கு வழவழப்பாகத் தெரியும். உயரம் குறைந்த குமிழ் வேறு. அது மேல் நீளத்தைக் குறைப்பதால் ஓரளவுக்கு உண்மையாகவே வீச்சும் குறையும், பத்து, பதினைந்து மி.மீ. குள்ளமான குமிழில் கிடைப்பது ஐந்து சதவீதம் போல.

வாங்கும் முன் திருகின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஹோண்டாவில் பொதுவாக 10 மி.மீ. விட்டம், 1.5 பிட்ச் (திருகின் புரிகளுக்கு இடையே உள்ள தூரம், மி.மீ.யில்). டொயோட்டாவில் 12, 1.25. மஸ்டா, நிஸானில் 10, 1.25. ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கிப் போடும் வண்டியென்றால், அந்த வளையத்தோடு பொருந்தும் குமிழ்தான் வேண்டும். இல்லையென்றால் ரிவர்ஸே போட முடியாது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள் பளபளக்கும் ஸ்டீல் குமிழைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். என்னுடையதற்கு ஒரு பருத்தித் துணிப்பை தைத்து மாட்டியிருந்தேன், பிறகு கறுப்பு அசிட்டால் குமிழுக்கு மாறிவிட்டேன்.

லீவரை வெட்டி ஒட்டுவது

மலிவான வழி. 240 மி.மீ. லீவரில் 48 மி.மீ. வெட்டி எடுத்தால் 120 மி.மீ. வீச்சு 96 ஆகிவிடும். ஆட்டமும் அதே விகிதத்தில் 12இலிருந்து 9.6 ஆகும். பக்கவாட்டு வீச்சும் சேர்ந்தே குறையும் என்பது இதன் நிஜமான நன்மை. நிறைய விலையுள்ள கிட்களில்கூட இது கிடைப்பதில்லை.

இருந்தும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கை ஐந்து சென்டிமீட்டர் கீழே போய்விடுகிறது. ஸ்டீயரிங்குக்கும் குமிழுக்கும் இடையே தூரம் கூடுகிறது. லீவரில் மிச்சம் பிடித்த நேரத்தைக் கையை இறக்கி ஏற்றுவதில் கொடுத்துவிடுகிறோம். அதைவிட முக்கியம், அந்த வெல்டிங். உள்ளே குழாயாக இருக்கும் லீவரை நடுவில் வெட்டி ஒட்டினால், தினம் நூற்றுக்கணக்கான முறை வளைந்து நிமிரும் இடத்தில் ஒரு தழும்பு நிற்கிறது. மலைச்சாலையில் இறங்கும்போது அது கையோடு வந்துவிட்டால் என்ன செய்வது? திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடி இன்னொரு லீவர் வாங்க வேண்டியதுதான்.

ஷார்ட் ஷிஃப்டர் கிட்: லீவர் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா?

இதுதான் உண்மையான போட்டி. இணையத்தில் விற்கும் கிட்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று கேபினுக்குள் லீவரின் கீழ் நீளத்தைக் கூட்டுவது. மற்றது கியர்பாக்ஸ் தலையில் கேபிள் இழுக்கும் கையான செலக்டர் ஆர்மைக் குட்டையாக்குவது. இரண்டுமே 20 சதவீதம் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கலாம். ஓட்டினால் இரண்டும் ஒன்றல்ல.

லீவர் பக்கம் கீழ் நீளத்தை 60இலிருந்து 75 ஆக்கினால் விகிதம் 3.2 ஆகிறது. கேபிள் அதே 30 மி.மீ. நகர்கிறது, கை 96 மி.மீ. போகிறது. 3 மி.மீ. தேய்மானம் கையில் 9.6 மி.மீ.யாகக் குறைந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் பக்கம் ஆர்மைக் குட்டையாக்கினால் கேபிள் 24 மி.மீ. நகர்ந்தால் போதும். கை அதே 96 மி.மீ.தான் போகிறது. ஆனால் லீவரின் விகிதம் மாறாததால் ஆட்டம் அதே 12 மி.மீ.யில் நிற்கிறது. வீச்சு சுருங்கி, ஆட்டம் சுருங்கவில்லை. முன்பு பத்தில் ஒரு பங்காக இருந்த தொளதொளப்பு இப்போது எட்டில் ஒரு பங்கு. நல்ல கிட் என்று வாங்கி மாட்டிவிட்டு, “முன்னாடியைவிட லூஸா இருக்கே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

கியர்பாக்ஸ் பக்கத்து ஆர்மில் இன்னொரு சங்கதி. பல கார்களில் அந்த ஆர்மின் நுனியில் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். பார்த்தால் தேவையில்லாத எடை போலத் தோன்றும். கனமான குமிழ் செய்யும் வேலையைத்தான் அது அங்கே செய்கிறது. மலிவான கிட்களில் அந்தக் குண்டு இல்லாமல் வெறும் தகடு மட்டும் வரும். அதைப் போட்டால் ஒவ்வொரு கியரும் படியேறுவது போல விக்கி விக்கி விழும். வாங்கினால் குண்டு உள்ளதையே வாங்குங்கள்.

மாட்டுவதில் மட்டும் கியர்பாக்ஸ் பக்கம் ஜெயிக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் வழி கிடைத்துவிடும், ஒரு மணி நேர வேலை. லீவர் பக்கமென்றால் கன்சோல் முழுவதையும் பிரிக்க வேண்டும், சில வண்டிகளில் கீழே சைலன்சரின் வெப்பத் தகடும் கழல வேண்டும். அரை நாள் போய்விடும். புது வண்டியில், புஷ் எல்லாம் இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கமே போதும். 80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் நான் லீவர் பக்கத்தைத்தான் தேர்வு செய்வேன். எதுவானாலும் உத்தரவாதக் காலம் முடியட்டும். பின்னால் கியர்பாக்ஸில் பிரச்சினை என்று போனால் முதலில் இதைத்தான் காட்டுவார்கள்.

சிங்க்ரோ கெட்டுவிடுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வீச்சு குறைந்ததாலேயே கெடாது. சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன்படுத்த அந்த வளையம் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். ஆனால் அதே ஆற்றலைப் பாதி நேரத்தில் உறிஞ்சச் சொன்னால் சூடு ஏறும். குட்டை லீவர் நம்மை வேகமாகத் தள்ளச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, தேய்மானம் அங்கிருந்துதான் வருகிறது. வரிசைகள் நெருங்கினாலும் ஆபத்துதான். ஐந்திலிருந்து நான்குக்கு என்று இழுத்து இரண்டில் விழுந்தால், என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் எரிபொருளை நிறுத்தும் ரெவ் லிமிட்டரும் காப்பாற்றாது. சக்கரமே என்ஜினைச் சுற்றிவிடும்.

செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டும் நண்பர் ஒருவர் லீவர் பக்கக் கிட் போட்டிருக்கிறார். அவர் காரில் இரண்டு சுற்று போனேன். மணிக்கட்டை அசைத்தால் கியர். பிரமாதமாக இருந்தது, மனதாரச் சொல்கிறேன். அதே காரில் மாலை ஏழு மணிக்கு அவிநாசி சாலையில் வந்தபோது, சிக்னலுக்குச் சிக்னல் முதல் கியரைத் தள்ள வேண்டிய அழுத்தம் தோள்பட்டையில் தெரிந்தது. ஊருக்குள் ஓட்டுபவருக்குப் புதுப் புஷ்ஷும் கனமான குமிழும் போதும். டிராக்குக்குப் போகிறவர் கிட் போடலாம், ஆனால் 20, 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் கிட் வேண்டாம். நான் புஷ்ஷோடும் குமிழோடும் நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறை வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது வளைவில் இரண்டு, இரண்டாகவே விழுந்தது.

கிட் போடுபவர்கள் வண்டியை வெளியே எடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். என்ஜினை அணைத்து, கிளட்ச்சை மிதித்து, எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் லீவருக்கும் கன்சோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். லீவர் கன்சோலில் இடித்து நின்றால் உள்ளே ஸ்லீவ் முழுதாக ஏறியிருக்காது, பல் பாதிதான் கவ்வியிருக்கும். அந்த நண்பர் காரிலும் முதல் வாரம் இரண்டாவது கியர் அடிக்கடி கழன்று வந்தது. கியர்பாக்ஸையே இறக்கலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் கன்சோல் பிளாஸ்டிக்கில் பின்விளிம்பை 4 மி.மீ. அரத்தால் தேய்த்துவிட்டார்கள், கியர் கழல்வது நின்றுவிட்டது.